73 மீட்டரைப் பேழைக்குள் வைப்பது எப்படி? கோலாலம்பூர் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தின் கட்டடக்கலைக் கூடம்

கட்டடக்கலைக் கண்காட்சி நடத்தும் காப்பாட்சியருக்கு முதல் சிக்கலே காட்சிப்பொருள்தான். ஓவியத்தைச் சுவரில் மாட்டலாம், வாளைப் பேழைக்குள் படுக்க வைக்கலாம், கட்டடத்தை யாரும் தூக்கி வர முடியாது. அதற்குப் பதிலாக மாதிரியை வைப்பதா, வரைபடத்தை மாட்டுவதா, பெயர்த்தெடுத்த ஒரு துண்டை நிறுத்துவதா, ஒரு முழு அறையையே பிரித்துக் கொண்டுவந்து பூட்டுவதா என்பதில்தான் அவருடைய திறமை தெரியும். இந்த முடிவுகளை நேரில் பார்த்துப் பழக மலேசியாவில் ஓர் இடத்தைச் சொல்லச் சொன்னால், கோலாலம்பூரில் தேசியப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் இஸ்லாமியக் கலை அருங்காட்சியகத்தைத் தயங்காமல் சொல்லலாம்.

1998 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஏறத்தாழ 30,000 சதுர மீட்டர் பரப்பு. நிரந்தரக் கூடங்கள் பன்னிரண்டு: குர்ஆன் கையெழுத்துப் பிரதிகள், இந்தியா, சீனா, மலாய் உலகம், நகை, துணி, ஆயுதம், நாணயம் என்று நீளும். பெரும்பாலானோர் குவிமாடத்தின் கீழ் ஒரு படம் எடுத்துக்கொண்டு, கட்டடக்கலைக் கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நகைப் பக்கம் போய்விடுகிறார்கள். கட்டடக்கலைக்கு மட்டும் 2 மணி நேரம் ஒதுக்குங்கள். மற்றவற்றை இன்னொரு நாள் பார்க்கலாம்.

கூடத்தின் உயிர் மாதிரிகளில் இருக்கிறது. மெக்காவின் மஸ்ஜிதுல் ஹராம், மதீனாவின் மஸ்ஜிதுந் நபவி, ஆக்ராவின் தாஜ் மகால் என்று உலகெங்கும் உள்ள கட்டடங்கள் இங்கே சிறுவடிவில் நிற்கின்றன. மாதிரியின் முன்னால் போனதும் முதலில் மனதில் எழ வேண்டிய கேள்வி, இது எந்த அளவுவிகிதத்தில் செய்யப்பட்டது என்பது. தாஜ் மகாலை எடுத்துக்கொள்வோம். உச்சி வரை சுமார் 73 மீட்டர். 1:100 என்று செய்தால் 73 சென்டிமீட்டர் வரும், பக்கத்தில் நிற்கும் ஆள் 17 மில்லிமீட்டர். சலவைக்கல்லில் பதித்த பூவேலை தெரியாவிட்டாலும் வளைவுகளின் ஆழம் தெரியும். ஆனால் முன்னால் விரியும் தோட்டம் ஏறத்தாழ 300 மீட்டர் சதுரம். அதையும் சேர்த்தால் மேசை 3 மீட்டருக்கு மேல் போய்விடும். 1:500க்குக் குறைத்தால் தோட்டம் 60 சென்டிமீட்டரில் அடங்கும், தாஜோ 15 சென்டிமீட்டருக்கும் கீழே வந்துவிடும், ஆள் 3 மில்லிமீட்டர் புள்ளி ஆகிவிடுவார். கட்டடம் வேண்டுமா, கட்டடம் உட்கார்ந்திருக்கும் இடம் வேண்டுமா? இரண்டையும் ஒரே மாதிரியில் கேட்க முடியாது. காப்பாட்சியர் ஒன்றை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும்.

அடுத்தது, ஒரே கூடத்தில் பல கட்டடங்கள் நிற்கும்போது வரும் மயக்கம். மெக்காப் பள்ளிவாசலின் பரப்பு எங்கே, தாஜின் பரப்பு எங்கே! இரண்டையும் ஒரே விகிதத்தில் செய்தால் ஒன்று மண்டபத்தை விழுங்கும், இல்லையென்றால் மற்றது தீப்பெட்டி ஆகிவிடும். ஆகவே ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விகிதம் என்பது உலகெங்கும் உள்ள வழக்கம். பக்கத்துப் பக்கத்து மேசையில் ஒரே உயரத்தில் நிற்பவை நிஜத்திலும் ஒரே உயரம் என்று கண் ஏமாந்து போகும். கதவைப் பிடித்துக்கொண்டால் ஏமாற வேண்டாம். படிக்கட்டின் ஒரு படி, கைப்பிடிச் சுவர், ஆள் நுழையும் சிறு கதவு ஆகியவை எந்த நாட்டிலும் மனித உடம்பின் அளவை ஒட்டியே இருக்கும். மாதிரியில் அவற்றைத் தேடி அளந்தால் கட்டடத்தின் நிஜ உயரம் மனதில் ஏறிவிடும். பெரிய வாசல் வளைவை நம்பக் கூடாது, அது மலைப்பூட்டுவதற்கென்றே பெரிதாகக் கட்டப்படுவது.

தாஜைப் பொறுத்தவரை கோலாலம்பூரில் வேறு ஒரு வசதியும் இருக்கிறது. பக்கத்தில் நிற்கும் தேசியப் பள்ளிவாசலின் மினாரா 73 மீட்டர். மாதிரியைப் பார்த்த கையோடு வெளியே வந்து அந்த மினாராவை அண்ணாந்து பார்த்தால், தாஜின் உச்சி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது கழுத்துக்கே தெரியும். காட்சிப்பொருளின் பக்கத்தில் வைக்கும் எந்தக் குறிப்பட்டையாலும் இதைச் சொல்லிவிட முடியாது.

மாதிரியைப் பார்க்கும் விதமும் முக்கியம். நின்றபடி பார்த்தால் நமக்குக் கிடைப்பது பறவைப் பார்வை, கூரை மட்டுமே. 1:100 மாதிரியில் மனிதக் கண் தரையிலிருந்து 16 மில்லிமீட்டர் உயரத்தில் இருக்கிறது. முழங்கால் மடித்து, கண்ணை மாதிரியின் தரைமட்டத்துக்குக் கொண்டுவந்து வாசல் வழியாக உள்ளே பாருங்கள். முட்டி வலிக்கிறவர்கள் கைப்பேசியைப் பயன்படுத்தலாம். தலைகீழாகத் திருப்பினால் கேமரா வில்லை கீழே வந்துவிடும். அதைப் பேழைக் கண்ணாடியோடு கிட்டத்தட்ட ஒட்டி, மாதிரியின் தரைமட்டத்தில் பிடியுங்கள். கண்ணாடியில் விழும் பிரதிபலிப்பு மறையும், வளைவுகள் ஒன்றுக்குப் பின் ஒன்றாக அடுக்கி நிற்பது திரையில் தெரியும். கண்ணாடியைத் தொடாமல் ஒரு விரல் இடைவெளி விடுங்கள், ஃபிளாஷ் வேண்டாம்.

மெக்கா மாதிரியின் முன்னால் இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: இது எந்த ஆண்டின் பள்ளிவாசல்? தாஜ் மகால் மாறவில்லை. மஸ்ஜிதுல் ஹராம் 1950களிலிருந்து மீண்டும் மீண்டும் விரிவாக்கப்பட்டு வருகிறது, 2011இல் தொடங்கிய விரிவாக்கம் மிகப் பெரியது. பக்கத்தில் எழுந்த மணிக்கூண்டுக் கோபுரம் 601 மீட்டர். இப்படி வளர்ந்துகொண்டே இருக்கும் கட்டடத்துக்கு மாதிரி செய்யும் காப்பாட்சியர் ஒரு தேதியில் கோடு கிழிக்க வேண்டும், எந்தத் தெருவோடு மாதிரியை வெட்டி நிறுத்துவது என்றும் முடிவு செய்ய வேண்டும். ஹஜ்ஜுக்குப் போய் வந்த பெரியவர்களைக் கூட அழைத்துப் போனால், அவர்கள் பார்த்த பள்ளிவாசலுக்கும் மாதிரிக்கும் உள்ள வித்தியாசத்தை ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டுவார்கள். அந்தப் பேச்சே நல்ல ஒரு வழிகாட்டுச் சுற்றுலா.

மாதிரிகளிலிருந்து தலையை உயர்த்தினால் இந்த அருங்காட்சியகத்தின் மிகச் சிறந்த கட்டடக்கலைக் காட்சிப்பொருள் கூரையில் இருக்கிறது. வெளியே நீலப்பச்சை ஓடு பதித்த குவிமாடங்கள். உள்ளே வெள்ளையும் பொன்னுமாய் ஒரு தலைகீழ்க் குவிமாடம், கிண்ணத்தின் அடிப்பாகம் நம்மைப் பார்க்கிற மாதிரி. வழக்கமான குவிமாடத்தில் நுணுக்க வேலையெல்லாம் எட்டாத உயரத்தில் இருட்டில் போய் ஒளிந்துகொள்ளும். இங்கே அது பார்ப்பவரை நோக்கி இறங்கி வருகிறது. நடுவில் நின்று ஒரு முறை, ஓரத்துக்கு நகர்ந்து ஒரு முறை பாருங்கள். நடுவிலிருந்து சமச்சீர் வட்டமாகத் தெரிவது, ஓரத்திலிருந்து பார்க்கையில் எவ்வளவு புடைத்து நிற்கிறது என்று காட்டும். சுவர்கள் வெள்ளை, கண்ணாடி வழியே பகல் வெளிச்சம் தாராளம். மரத்தாலும் பிளாஸ்டிக்காலும் ஆன மாதிரிகள் அந்த வெளிச்சத்தைத் தாங்கும். காகிதமும் துணியும் தாங்காது, அவை இருக்கும் பக்கம் மங்கலாக இருந்தால் அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

எவ்வளவு மங்கல் என்பதற்குக் கணக்கு இருக்கிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகால் அளப்பார்கள். எளிதில் நிறம் போகும் பொருளுக்கு 50 லக்ஸ் உச்சவரம்பு, ஆண்டுக்கு மொத்தம் 15,000 லக்ஸ்-மணி என்பது அனைத்துலக அளவில் ஏற்றுக்கொண்ட எல்லை. ஒரு நாளைக்கு 8 மணி நேரம் 50 லக்ஸில் வைத்தால் 400 லக்ஸ்-மணி. அப்படியானால் 38 நாளில் அந்த ஆண்டுக்கான ஒதுக்கீடு தீர்ந்துவிடுகிறது. கட்டடக்கலைஞரின் மூல வரைபடத்தைக் கண்காட்சிகளில் சில வாரங்களே வைத்துவிட்டு, பிறகு நகலை மாட்டுவதற்குக் காரணம் இதுதான். நகல் என்று குறிப்பட்டையில் எழுதியிருக்க வேண்டும் என்பது மட்டுமே நாம் எதிர்பார்க்க வேண்டியது.

மாதிரி, வரைபடம் போக மூன்றாவது வழி, கட்டடத்தையே கொண்டுவருவது. லண்டனின் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகம் ரோமின் டிராஜன் தூணின் ஜிப்சச் சாந்து அச்சு நகலை, கூரைக்குள் அடங்காததால் இரண்டு துண்டாக நிறுத்தியிருக்கிறது. அந்தக் கூடம் 1873இல் திறக்கப்பட்டது. நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 1949இல் கட்டடக்கலைஞர் மார்சல் பிராயரின் வீடு ஒன்றைத் தன் தோட்டத்திலேயே முழு அளவில் கட்டிக் காட்டியது. கோலாலம்பூரில் இந்த வகைக்கு எடுத்துக்காட்டு ஒட்டோமான் அறை. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சிரியாவில் ஒரு வசதியான வீட்டின் வரவேற்பறையாக இருந்தது, மரப்பலகை வேலைப்பாடுகளோடு இங்கே மறுபடி பொருத்தப்பட்டிருக்கிறது. வீட்டின் மாதிரியைப் பார்ப்பதற்கும், அந்த வீட்டுக்காரர் விருந்தினரை உட்கார வைத்த உயரத்தில் கூரையைப் பார்ப்பதற்கும் உள்ள தூரம் இங்கே புரியும். வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த பொருள்களில் எங்கள் கணிப்பில் ஆகச் சிறந்தது இதுவே.

அதை இந்த ஊரில் காப்பது எவ்வளவு கடினம் என்று தெரிந்தால் மதிப்பு இன்னும் கூடும். காற்றின் ஈரப்பதம் 40 சதவீதம் உள்ள வறண்ட ஊரில் மரத்துக்குள் ஏறக்குறைய 8 சதவீதம் ஈரம் நிற்கும். கோலாலம்பூரின் வெளிக்காற்றுபோல் 80 சதவீதம் என்றால் 16 சதவீதம். அந்த மாற்றத்தில் 30 சென்டிமீட்டர் அகலப் பலகை 5, 6 மில்லிமீட்டர் விரியும். நீளவாக்கில் விரியாது, அகலவாக்கில்தான். மேலே பூசிய சுண்ணமும் வண்ணமும் அப்படி விரிவதில்லை, அதனால் முதலில் வெடிப்பு விழும், பிறகு செதில் செதிலாக உரியும். பூட்டிய சட்டத்துக்குள் பலகை விரிய இடமில்லையென்றால் பலகையே பிளந்துவிடும். இரவில் குளிர்சாதனத்தை நிறுத்திக் காலையில் போடும் பழக்கம் இதைவிடக் கெடுதல், ஒவ்வொரு நாளும் மரம் ஒரு சுற்று விரிந்து சுருங்குகிறது. நிலையாக இருக்கும் 60 சதவீதம், ஏறி இறங்கும் 50 சதவீதத்தைவிட மேல். 65ஐத் தாண்டினால் பூஞ்சணம் வரும் என்பதால் அதற்கு மேல் விடக் கூடாது.

தமிழ் வாசகருக்கு இந்தக் கூடத்தில் ஓர் ஆவல் எழும். இஸ்லாமியக் கட்டடக்கலை என்றாலே குவிமாடமும் மினாராவும் என்று மனம் போகிறது. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் உள்ள பழைய பள்ளிவாசல்கள் கோயில் மண்டபத் தூண்களின் மரபில் கல்லால் கட்டப்பட்டவை. ஜார்ஜ்டவுன் சூலியா ஸ்திரீட்டில் உள்ள நாகூர் தர்கா, அதே ஊரின் கப்பித்தான் கிலிங் பள்ளிவாசல் ஆகிய இரண்டும் சோழமண்டலக் கரையிலிருந்து வந்தவர்கள் பினாங்கில் எழுப்பியவை. கூம்புக்கூரை போட்ட மலாய்ப் பள்ளிவாசலுக்குப் பக்கத்தில் கீழக்கரையின் தூண் மண்டபத்தை 1:50இல் வைத்தால், கடல் கடந்த வணிகம் கட்டடத்தில் என்ன செய்தது என்பது ஒரே பார்வையில் விளங்கும். அப்படி ஒரு சிறப்புக் கண்காட்சியைக் காண வேண்டும் என்பது மனமார்ந்த ஆசை.

இங்கே கற்றதை நம் ஆலயங்களும் தமிழ்ப்பள்ளிகளும் உடனே பயன்படுத்தலாம். நூற்றாண்டு விழா, குடமுழுக்கு என்றால் மண்டபத்தில் ஒரு கண்காட்சி வைப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. உழைப்புக்குக் குறைவில்லை, பொருள் அறிவில்தான் கோட்டை விடுகிறோம்.

கோபுர மாதிரியை எடுத்துக்கொள்வோம். 1873இல் தம்புசாமிப் பிள்ளை நிறுவிய கோலாலம்பூர் ஸ்ரீ மகாமாரியம்மன் ஆலயத்தின் ராஜகோபுரம் 22.9 மீட்டர், 5 நிலை, 228 சிற்பங்கள். 1:100இல் செய்தால் 23 சென்டிமீட்டர், 1 மீட்டர் சிலை 1 சென்டிமீட்டர் ஆகி முகமே இருக்காது. 1:50க்குப் போனால் மொத்தம் 46 சென்டிமீட்டர், சிலைக்கு 2 சென்டிமீட்டர் கிடைக்கும், கை அமைப்பு தெரியும். இதற்குக் கீழே இறங்க வேண்டாம். முப்பரிமாண அச்சில் எடுப்பதென்றால் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் இழை மலிவு, நுணுக்கமும் நன்றாக வரும். ஆனால் 60 டிகிரியை நெருங்கும்போதே இளகும். வெயிலில் நிறுத்திய காருக்குள் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் கலசம் சாய்ந்திருக்கும். பிஇடிஜி என்ற இன்னொரு பிளாஸ்டிக் இழை 80 டிகிரி வரை தாங்கும். விளக்கை நான்கு பக்கத்திலிருந்தும் அடிக்காதீர்கள், நிழல் செத்துவிடும். ஒரு பக்கத்திலிருந்து 30 முதல் 45 டிகிரி சாய்வில் ஒரே விளக்கு, எதிர்ப்பக்கம் அதில் கால்பங்கு வெளிச்சம் போதும். மேசை 80 சென்டிமீட்டர் உயரம் இருந்தால் பிள்ளைகளுக்கும் சக்கர நாற்காலியில் வருபவர்களுக்கும் வாசல் தெரியும்.

பலகைகளில் அடிக்கடி நடப்பது, ஃபோம் போர்டில் ஒட்டிய படம் இரண்டாம் நாளே வில்லாக வளைவது. முன்பக்கம் மட்டும் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் பின்பக்கக் காகிதம் மட்டும் ஈரத்தை உறிஞ்சி விரியும், அதனால்தான் வளைவு. பின்னாலும் அதே படலத்தை ஒட்டச் சொல்லுங்கள். செலவு கொஞ்சம் கூடும், பலகை நேராக நிற்கும். பிவிசி பலகை வளையாது, ஆனால் பழைய புகைப்படத்தோடு அதை மூடிய பேழைக்குள் வைக்காதீர்கள், அது வெளிவிடும் அமிலம் படத்தைத் தின்னும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகையும் அப்படியே. படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 145 முதல் 150 சென்டிமீட்டரில் இருக்கட்டும். ஒரு குறிப்பட்டையில் 75 சொற்களுக்கு மேல் எழுதினால் யாரும் முடிக்க மாட்டார்கள். மலாயும் தமிழும் பக்கத்தில் பக்கத்தில் வரும்போது தமிழ் எழுத்தை 2, 3 புள்ளி கூட்டி, வரி இடைவெளியையும் அதிகமாக்குங்கள். கொம்பும் சுழியும் மேல்வரியோடு முட்டிக்கொண்டால் பெரியவர்களால் படிக்க முடியாது.

பேழைக்குள் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் சிறு பொட்டலம் இரண்டு போட்டுவிட்டுத் திருப்தி அடைகிறோம். ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்பது பழைய, நம்பகமான கணக்கு. 60க்கு 60க்கு 40 சென்டிமீட்டர் பேழைக்கே ஏறக்குறைய 3 கிலோ வேண்டும். ஆரஞ்சு நிற ஜெல் பச்சையானால் 120 டிகிரிக்கு மேல் போகாமல் அடுப்பில் உலர்த்தி மறுபடி பயன்படுத்தலாம். காற்றின் ஈரப்பதம் காட்டும் ஈரமானி மலிவானதே போதும், ஆனால் சரிபார்க்க வேண்டும். ஒரு மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரையாமல் பிசுபிசுப்பாகும் அளவுக்கு மட்டும் தண்ணீர் விட்டு, ஈரமானியோடு சேர்த்து காற்றுப் புகாத பையில் ஓர் இரவு வையுங்கள். 75 சதவீதம் காட்ட வேண்டும். 80 காட்டினால் அந்தக் கருவி 5 கூட்டிச் சொல்கிறது என்று பின்னால் எழுதி ஒட்டிவிடுங்கள்.

ஆலய அலமாரியில் கிடக்கும் பழைய கட்டட வரைபடங்களைப் பற்றி ஒரு வேண்டுகோள். நீலப் பின்னணியில் வெள்ளைக் கோடு உள்ளவை வெளிச்சத்தில் வெளிறும், இருட்டில் வைத்தால் ஓரளவு நிறம் திரும்பும். காரத்தன்மை அவற்றுக்கு ஆகாது, ஆகவே காரச் சேர்ப்புள்ள காப்புக் காகித உறை வேண்டாம், நடுநிலைக் காகிதம் வாங்குங்கள். வெள்ளைப் பின்னணியில் ஊதாவோ பழுப்போ கோடு உள்ள நகல்கள் வேறு வகை. அவை வெளிவிடும் ஆவி பக்கத்துக் காகிதத்தைக் கறையாக்கும், தனியாக வையுங்கள். சுருட்டியதை வலுக்கட்டாயமாக விரிக்காதீர்கள். லேமினேட் மட்டும் செய்துவிடவே கூடாது, அதைத் திரும்பப் பிரிக்க வழியில்லை. நல்ல ஸ்கேன் எடுத்து, அந்த நகலைச் சுவரில் மாட்டுங்கள்.

அருங்காட்சியகத்துக்குப் போகும் வழி: பாசார் செனி நிலையத்திலிருந்து நடக்கலாம், அல்லது கோமுட்டர் இரயிலில் வந்து பழைய கோலாலம்பூர் இரயில் நிலையத்தில் இறங்கலாம். இரண்டாவதையே பரிந்துரைப்போம். கட்டடக்கலைஞர் ஹப்பக் வடிவமைத்து 1910இல் முடிந்த அந்த நிலையத்தின் சத்ரிகள் என்னும் சிறு குவிமாட மண்டபங்களையும் வளைவுகளையும் பார்த்துவிட்டுப் போய் தாஜ் மாதிரியின் முன் நின்றால், முகலாய வடிவம் இந்த ஊருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பது தனியாகச் சொல்லாமலே விளங்கும். 1965இல் திறந்த தேசியப் பள்ளிவாசலின் மடிப்புக் குடைக் கூரையையும் அதே நடையில் பார்த்துவிடலாம், தொழுகை நேரம் தவிர்த்து மற்றவர்களும் உள்ளே போகலாம், மேலங்கி தருகிறார்கள். அருங்காட்சியகத்துக்குள் உணவகம் உண்டு, மத்தியக் கிழக்கு உணவு. கடையில் அவர்களே பதிப்பிக்கும் கண்காட்சித் தொகுப்பு நூல்கள் கிடைக்கும். கண்காட்சி வைக்க நினைக்கும் ஆலயக் குழுவினர் ஒன்றாவது வாங்கி, பொருள் பட்டியல் எழுதியிருக்கும் முறையை அப்படியே பின்பற்றலாம்: பெயர், இடம், காலம், செய்பொருள், அளவு, எங்கிருந்து வந்தது. கட்டண விவரத்தையும் திறக்கும் நேரத்தையும் கிளம்பும் முன் அவர்கள் இணையப் பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.